இடும்பன் பிழைத்தானா?

"குதிரை பொழைச்சிச்சா இல்லையா, அத்த மட்டும் சொல்லும்மா."

வார இதழ் அலுவலக வாசலில் நின்று கேட்டவருக்கு அறுபது வயதிருக்கும். பெயர் காதர் என்றார். மயிலாப்பூரில் மெத்தை, தலையணை தைக்கும் கடை. சட்டையில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது.

"அடுத்த வாரம் புத்தகத்துலயே வந்துடும் பாய்" என்றாள் ஷீலா.

"அடுத்த வாரம் வரைக்கும் தாங்காதும்மா."

தி. நகரில் இருந்த அந்த வார இதழில் 'உறைபனிக் கோட்டை' என்ற சரித்திரத் தொடர் வந்துகொண்டிருந்தது. ராஜாவின் குதிரை இடும்பன் எதிரியின் மலைக்கோட்டையில் மாட்டிக்கொள்கிறான். அவனை ஒரு அரண்மனைச் சமையல்காரனும் ஒரு திருடனும் மார்கழிப் பனியில் மீட்டு வரும் கதை. இடும்பனுக்குக் குளிர் ஆகாது. மூவரும் ஒளிந்திருக்கும் நேரம் பார்த்துத் தும்மிவிடுவான். போன வாரம் கோட்டை வாசலில் தும்மிவிட்டான். காவலர்கள் ஈட்டியோடு ஓடி வரும் இடத்தில் 'தொடரும்' போட்டிருந்தார்கள்.

உள்ளறையிலிருந்து ஆசிரியர் சாய்நாத் வெளியே வந்தார்.

"என்ன இங்க சத்தம்?"

"ஐயா, அந்தக் குதிரை..."

"கதையை முன்கூட்டிச் சொல்ற வழக்கம் இங்க கிடையாது. ஒருத்தர்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள வாட்ஸப்ல ஊரே சுத்தும். கிளம்புங்க."

காதர் பாய் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்.

"யாராவது வாயைத் திறந்தீங்க, மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்." எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஷீலாவைப் பார்த்துச் சொன்னார்.

ஷீலா அங்கே பிழை திருத்துபவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் அவள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆளும் அவள்தான். மீன் விற்கும் அம்மா அதை நொச்சிக்குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

மதியம் டீ குடிக்கக் கீழே இறங்கினாள். டீக்கடை ஓரத்தில் காதர் பாய் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க போகலையா பாய்?"

"கோச்சுக்காதம்மா. எங்க வூட்டம்மா நஸ்ருன்னிசா அடையாறுல ஆஸ்பத்திரில கீறா. நாளைக்குக் காலைல ஆபரேஷன். டாக்டரு பாதிக்குப் பாதின்னுட்டாரு."

ஷீலா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"படுத்துக்கினதுலருந்து அவ சிரிச்சே நான் பாக்கல. அந்தக் குதிரை தும்முனா மட்டும் சிரிப்பா. இப்ப இன்னா சொல்றா தெரியுமா? அது இன்னா ஆச்சுன்னு தெரியாம உள்ள போவ மாட்டாளாம். வெளாட்டாத்தான் சொல்றா. ஆனா கண்ணுல வெளாட்டு இல்லம்மா."

அது என்ன ஆயிற்று என்று ஷீலாவுக்குத் தெரியும். அடுத்த அத்தியாயத்தின் ப்ரூஃபை அன்று காலைதான் திருத்தினாள். இடும்பனின் கடைசி மூச்சில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தைச் சேர்த்தவளே அவள்தான்.

"பொழைச்சிடும் பாய்" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமா."

காதர் பாய் அவள் தலையைத் தொட்டார். பஞ்சு ஒட்டிய கை. "முடிஞ்சதும் போன் பண்ணுங்க" என்று தன் நம்பரைக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் பக்கங்கள் அச்சுக்குப் போகத் தயாராக இருந்தன. போன் எதுவும் வரவில்லை. அந்த அம்மா கண் விழிப்பார்களா? விழித்துப் புத்தகத்தைப் பிரித்தால், உள்ளே குதிரை செத்துக் கிடக்குமே?

ஷீலா நேராக ஆசிரியர் அறைக்குள் போனாள்.

"சார், நேத்து வந்த பாய்கிட்ட நான் கதையைச் சொல்லிட்டேன்."

சாய்நாத் நிமிரவில்லை.

"அதுவும் பொய்யா சொல்லிட்டேன். குதிரை பொழைச்சிடும்னு. என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க சார். ஆனா அதுக்கு முன்னாடி, அந்த ஒரு பாராவை மட்டும்..."

கையிலிருந்த போன் அடித்தது. காதர் பாய்.

"எடு, எடு!" அவளைவிட சாய்நாத் அவசரப்பட்டார்.

காதர் பாயின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "முழிச்சிக்கினாம்மா! நல்லபடியா முடிஞ்சிதுன்ட்டாரு டாக்டரு. உள்ள போவும்போதுகூட சிரிச்சிக்கினேதாம்மா போனா!"

"குதிரை பொழைச்சதுக்கா பாய்?"

"அதுக்கு இல்லம்மா. இடும்பன் குட்டி போட்டுச்சாமே, அதுக்கு! 'இன்னாங்க இது, அது ஆம்பளக் குதிரையாச்சே'ன்னு சொல்லிச் சொல்லி சிரிக்கிறா. முழிச்சதும் மறுபடி அதான் கேக்கறா."

"குட்டியா? நான் அப்படிச் சொல்லலையே பாய்!"

"நீ இல்லம்மா. நேத்து நீ மேல போனப்பறம் உங்க ஆபீஸ்காரரு ஒருத்தரு எந்த ஆஸ்பத்திரின்னு விசாரிச்சிக்கினு, சாயங்காலம் வார்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. யாருன்னு கேக்காத. வெளிய தெரிஞ்சா வேலை போய்டும்னாரு, பாவம்."

ஷீலா போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

சாய்நாத் ப்ரூஃபை இழுத்துவைத்துக்கொண்டு, இடும்பன் சாகும் பாராவைச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா முகத்தைப் பார்த்ததும், அது ஆணா பெண்ணான்னே மறந்து போச்சும்மா" என்றார்.