வாயுள்ள தேனீ

தேனீக்கள் இல்லாமல் போனதும் அந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கோவையில் மொட்டைமாடிப் பரங்கிக்கொடிகளுக்கு மகரந்தம் வைக்கும் ‘தேனீ’யாக ஞானவேல் சேர்ந்தார். மஞ்சள் கறுப்புச் சட்டை, காதில் செருகிய பிரஷ். பூ வாடுவதற்குள் தினமும் பன்னிரண்டு வீட்டு மாடி ஏறியாக வேண்டும்.

பிரஷ் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவுக்குக் கொண்டுபோனது. அவர் வாயோ, ஒரு வீட்டு யோசனையை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனது. ஊரில் அறிவு பரவுவதே தன்னால்தான் என்று அவருக்கு நினைப்பு.

“பிரஷ்ஷே வேண்டாங்க. ஆண்பூவைப் பறிச்சுப் பெண்பூவுல தேய்ச்சாப் போதும்.” முதல் வீட்டில் கேட்ட இதை, மற்ற பதினொரு வீட்டிலும் தன் கண்டுபிடிப்பாகச் சொல்லிக் காபி குடித்தார்.

அடுத்த வாரம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர் முன்னால், மனைவி கோமளா கசங்கிய பரங்கிப்பூவோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“நம்ம கொடிக்கு நானே வெச்சுட்டேனுங்க.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“பீளமேட்டு அக்கா போன்ல சொன்னாங்க. யாரோ ஒரு தேனீயே வீடு வீடாச் சொல்லிட்டுத் திரியுதாமா.”

ஞானவேல் சட்டையைக் கழற்றினார்.

“வெவரங்கெட்டவனா இருப்பான்.”

அது ஒன்றுதான் எந்த வீட்டிலும் கேட்காமல் அவரே சொன்ன கருத்து.