மணிக்கட்டில் எரியும் பச்சை

மாரடைப்பில் பிழைத்த தணிகாசலத்தின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு நன்றாக ஊறி ரத்தக்குழாய்கள் விரிந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். எதைச் செய்தால் எரிகிறதோ அதை விடாமல் செய்யச் சொன்னார் டாக்டர்.

மனைவி புனிதவதி பீட்ரூட் பொரியல் வைத்தாள், கீரை கடைந்தாள், மாடிப்படி ஏறவைத்தாள். விளக்கு அமாவாசையாகவே இருந்தது. அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போன அன்றுதான் பளிச்சென்று எரிந்தது. மறந்த குடையை எடுக்கத் திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள். அவளைப் பார்த்ததும் விளக்கு அணைந்ததையும் பார்த்தாள்.

"சனியன் புடிச்ச மெஷின், ரிப்பேர் போலிருக்கு" என்றார் தணிகாசலம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவருக்கு ஒரு பொய் ஒழுங்காக வரவில்லை.

அவள் சண்டையாவது போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக வாராவாரம் தங்கை வீட்டுக்குப் போகத் தொடங்கினாள்.

"ரசம் வச்சிருக்கேங்க, சுட வச்சுக்குங்க."

"போகாதே புனிதா. நிஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னார். ஆனால் அவள் பையைத் தூக்கியதும் பட்டையை மறு கையால் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் பச்சை கசிந்தது.

"அப்பாடா! இன்னிக்குப் பையைத் தூக்கினதுக்கே எரியுதே" என்று, மனதார மகிழ்ந்து படியிறங்கினாள் புனிதவதி.