கழுதைக்குப் பிரசவ லீவு

"ஏறாதீங்க சார். அது சினையா இருக்கு."

தொப்பிக்காரர் ஏற்கெனவே ஒரு காலைத் தூக்கியிருந்தார். கிராம வாழ்க்கையை அனுபவிக்கவென்று மனைவியோடு பண்ணை வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர். ஆள் நல்ல கனம். சவாரிக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருப்பதாகச் சொன்னார்.

கழுதையைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுதையின் முதுகில் புண் என்று நேற்றே மேனேஜரிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவர் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. முழங்கால்வரை தொங்கும் பூப்போட்ட போர்வை ஒன்றைக் கொடுத்து, மேலே போட்டுவிடச் சொன்னார். போட்டோவுக்கும் அழகாக இருக்குமாம்.

சத்தம் கேட்டு மேனேஜரே வந்துவிட்டார். போன வாரம்தான் பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து இங்கே வந்தவர். கம்ப்யூட்டரில் இருக்கும் கழுதையைத்தான் அவருக்குத் தெரியும். சினை என்றால் முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று குதித்தார். புண் என்று சொன்னபோது என்ன கிழித்தீர்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு சுத்துதானே, ஒண்ணும் ஆகாது. சாரை ஏத்திவிடு. இல்லன்னா நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்."

அவள் கயிற்றை விடவில்லை. வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இந்த ஜன்மங்களுக்கு எப்படிச் சொன்னால்தான் புரியும்?

அதுவரை வெயிலில் நின்று கணவரின் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தொப்பிக்காரரின் மனைவி, கைப்பையை அவரிடம் திணித்துவிட்டுக் கழுதைப் பக்கம் குனிந்தார். போர்வையைத் தூக்கி, முதுகைப் பார்த்தார். அடிவயிற்றில் கைவைத்து நிதானமாகத் தடவினார்.

"நான் கால்நடை டாக்டர்," என்றார் மேனேஜரிடம். "இது குட்டி போட இன்னும் எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒரு குழந்தைகூட ஏறக் கூடாது. ஏத்தினீங்கன்னா நானே புகார் குடுப்பேன்."

மேனேஜரின் முகம் தொங்கிவிட்டது. சவாரியை இன்றோடு நிறுத்திவிடுவதாகத் தானாகவே சொல்லிவிட்டு, தொப்பிக்காரரைப் பழச்சாறு குடிக்க அழைத்துப் போனார்.

டாக்டர் கை கழுவக் கொட்டகைக்காரி தண்ணீர் ஊற்றினாள்.

"புண்ணுக்கு மருந்து தரேன், தினமும் போடுங்க," என்ற டாக்டர், குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தடவை மட்டும் வேற ஏதாவது காரணம் சொல்லுங்கம்மா. ஆண் கழுதைக்குப் பிரசவத்துக்கு நாள் குறிச்சேன்னு வெளிய தெரிஞ்சா, என் மானம் போயிடும்."