இன்ஸ்பெக்டர் வீட்டு நுரை

இந்தப் பூமியில் அவர் கண்ணுக்குத் தப்பிய அழுக்கு இன்னும் பிறக்கவில்லை.

அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். ஓய்வுபெற்ற சுகாதார இன்ஸ்பெக்டர். ஓட்டல் கழிவறைகளுக்குள் எட்டிப் பார்த்தே உத்தியோக காலத்தை ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு எட்டிப் பார்க்க மிச்சமிருந்தது சொந்த வீட்டுக் கழிவறை ஒன்றுதான்.

இப்போது சிறுநீரக டாக்டரின் அறையில், வீங்கிய கால்களைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு, ஏதோ ஓட்டலைச் சோதனை போட வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி, மடியில் கைப்பையுடன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கிறது. வயதான பிறகும் வரும். புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகிறது.

வீட்டு ஆளையே திருடன் என்று சாத்துகிற காவல்காரனா என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அப்படி ஒரு முட்டாளைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

மனைவி ஜன்னலைப் பார்த்தாள்.

ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் என்றால் மருந்தால் நிறுத்திப் பார்க்கலாம், நாள்பட்டுப் போயிருந்தால் டயாலிசிஸ்தான் என்றார் டாக்டர். புரதம் ஒழுகினால் சிறுநீர் நுரைக்கும், அந்த நுரை எப்போதிலிருந்து வருகிறது என்று கேட்டார்.

நுரையா? தன் சிறுநீரிலா? இன்ஸ்பெக்டருக்குக் கோபமே வந்துவிட்டது.

"அது இவ பண்ற வேலை டாக்டர். டாய்லெட்ல சோப்புத்தூளைக் கொட்டித் தேய்ப்பா, சரியா தண்ணி ஊத்த மாட்டா. எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

இந்த நுரைச் சண்டையின் ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை பதில் பேசி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அதன்பின் ஒன்றும் புரியாமலேயே, முதுகு பிடித்துக்கொள்ளும்வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"திட்டுக்குப் பயந்து சோப்புத்தூளை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு டாக்டர். வெறும் தண்ணிதான். அப்பவும் நுரைக்குது."

டாக்டர் பேனாவை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு மேல் என்று எழுதினார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்த இன்ஸ்பெக்டர், பாதியிலேயே விட்டுவிட்டார். மனைவி அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அன்று காலை கிளம்பும்போதுகூட, அவளைக் கழிவறைக்குக் கூப்பிட்டு, டார்ச் அடித்து நுரையைக் காட்டியிருந்தார்.