கனடாவிலிருந்து வந்த ஆள்காட்டி

இந்த முறை தங்கை ஃபேம்கேயின் வாழ்த்து அட்டையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. பச்சையில் பூப்போட்ட தாளை வெட்டி ஒட்டி, அதன் மேல் ரப்பர் அச்சால் குருவியைப் பதித்திருந்தாள்.

ரின்ஸ்கே கையிலிருந்த துணிப் பையைக் கீழே வைக்காமலே அதைப் பார்த்தாள். அம்மாவின் அறை ஜன்னலோரம் முழுக்க தங்கையின் அட்டைகள்தான். ஈஸ்டருக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று, காரணமே இல்லாமல் இரண்டு.

"நேத்துதான் வந்துச்சு" என்றாள் அம்மா. "நல்லா இருக்குல்ல?"

"இருக்கு" என்றாள் ரின்ஸ்கே.

அப்பாவை அடக்கம் செய்த அன்று சண்டை போட்டுக்கொண்டு கனடாவுக்குப் போனவள் ஃபேம்கே. அதற்குப் பிறகு அக்காவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலை முடிந்ததும் இந்த முதியோர் இல்லத்துக்கு ஓடி வந்து, அம்மாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு போவது ரின்ஸ்கே. பெயர் வாங்குவது மட்டும் ஃபேம்கே!

பக்கத்து அறைப் பெரியவர் டூவே, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். வந்தவர் ஜன்னலோரம் போய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அடேயப்பா! 'அன்புடன் ஃபேம்கே'ன்னு பேனாவால எழுதாம, ஒவ்வொரு எழுத்தையும் அச்சுலயே குத்தியிருக்காளே! என்ன பொறுமை! ஏம்மா ரின்ஸ்கே, நீயும் ஒண்ணு செஞ்சு பாரேன். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?"

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரின்ஸ்கேயைத் தைத்தது.

செய்து காட்டுகிறேன் என்று வீம்பாகக் கடைக்குப் போனாள். ரப்பர் அச்சு, மைப்பெட்டி, கோடு போட்டது, புள்ளி போட்டது, பூப்போட்டது என்று விதவிதமான தாள் எல்லாம் வாங்கினாள். சாப்பாட்டு மேசையில் பரப்பி உட்கார்ந்தால், கோந்து விரலில் ஒட்டியது, தாளில் ஒட்டவில்லை. வாத்து அச்சு ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் வழுக்கி, இரண்டு தலை வாத்தாக விழுந்தது.

கடைசியில் ஒன்று தேறியது. ஓரம் கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் தன் கையால் செய்தது என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளன்று அதை எடுத்துக்கொண்டு போனாள். கூடவே அம்மாவுக்குப் பிடித்த சர்க்கரை ரொட்டி, தடியாக வெண்ணெய் தடவியது.

ஜன்னலில் புதிதாக ஒன்று, நடுநாயகமாக நின்றது. நீலத் தாளில் அடுக்கடுக்காக மடித்த பூ, அதன் கீழே அதே அச்செழுத்து. 'உலகத்திலேயே நல்ல அம்மாவுக்கு. அன்புடன் ஃபேம்கே.'

அம்மா ரின்ஸ்கேயின் அட்டையை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டிலோர இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்து மூடினாள்.

"ஏம்மா, என்னோடதை ஜன்னல்ல வைக்க மாட்டியா?"

"உன்னோடது எதுக்குடி அங்க? நீதான் நேர்லயே வர்றியே."

அவ்வளவுதான். ரின்ஸ்கேவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"ஆமா, நான் நேர்ல வர்றவ. உன் அழுக்கைத் துவைக்கிறவ. என் அட்டை இழுப்பறைக்குள்ள! காகிதம் வெட்டி ஒட்டி அனுப்பறவ ராணி, அவளோடது நடு ஜன்னல்ல! அவளுக்கு என்னம்மா கஷ்டம்? கத்தரிக்கோலை எடுத்தா வேலை முடிஞ்சுது."

"ரின்ஸ்கே, மெதுவா பேசு. பக்கத்து அறைக்குக் கேட்கும்."

"கேட்கட்டும்! டூவே பெரியவரும் கேட்கட்டும்!" கைபேசியை எடுத்தாள். "அத்தை கிட்ட அவ நம்பர் இருக்கு. வாங்கி இப்பவே பேசறேன். அட்டை அனுப்பினது போதும், நேர்ல வந்து ஒரு மாசம் அம்மாவைப் பார்த்துக்கோன்னு சொல்றேன். அப்பத் தெரியும் யாரு நல்ல பொண்ணுன்னு."

அம்மா கட்டிலிலிருந்து எழ முயன்றாள். முடியவில்லை. எட்டி ரின்ஸ்கேயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி. அவளைக் கூப்பிடாதே."

"ஏன்? உன் செல்லப் பொண்ணு மனசு நொந்துடுமா?"

அம்மாவின் முகம் கன்றிச் சிவந்திருந்தது. திறந்திருந்த கதவைப் பார்த்தாள். நடைவண்டியின் சத்தம் தாழ்வாரத்தில் கிட்டே வந்து, கடந்து, தூரம் போகும்வரை காத்திருந்தாள்.

"கதவைச் சாத்து" என்றாள்.

ரின்ஸ்கே சாத்திவிட்டுத் திரும்பினாள். அம்மா அவளைப் பார்க்காமல் போர்வையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அவ எங்கடி அனுப்பறா? அத்தனையும் நானே செஞ்சதுடி."