மேஜர் சொன்ன டாக்டர்

“டாக்டர் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் குட்டி என் கேட்டைத் தாண்டும். அந்த டாக்டர் என் பொண்ணு” என்றார் மேஜர்.

குட்டி வாங்க வந்த சர்வேயருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மேஜர் ராணுவத்தில் இருந்தவர் அல்ல. ஒரு கிடங்கில் சரக்கு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த முதுகும் முறுக்கிய மீசையும் வாங்கிக்கொடுத்த பட்டம் அது. பாக்ஸர் நாய் என்றால் அவர் வீடுதான் என்று ஊரே சொல்லும். அவரும் அதை மறுத்ததில்லை.

வந்ததிலிருந்து சர்வேயர் கேள்வியாகக் கேட்டுத் தீர்த்துவிட்டார். தாய்க்கும் தகப்பனுக்கும் இதயம் பரிசோதித்தாயிற்றா, இடுப்பு எலும்பு எப்படி, வெயிலில் மூச்சு வாங்குமா, அந்த வம்சத்தில் எதற்காவது கட்டி கிட்டி வந்ததுண்டா.

“எனக்கு வேலை கொடுத்தப்பகூட இவ்வளவு கேட்கலை சார்” என்றார் மேஜர்.

கேட்காமல் என்ன செய்வது? சர்வேயர் முன்பு வாங்கிய பாக்ஸர், அவர் மகள் எறிந்த பந்தைக் கவ்விக்கொண்டு ஓடி வரும்போதே சுருண்டு விழுந்தது. எழுந்திருக்கவில்லை. பிறவியிலேயே இதயக் கோளாறு என்றார்கள். வாங்கும்போது பார்த்த டாக்டர் முதல் தரம் என்று தட்டிக்கொடுத்திருந்தார். அவர் விற்றவருக்கு நெருங்கிய சிநேகிதர் என்பது பிறகுதான் தெரிந்தது. தான் பந்தை எறிந்ததால்தான் செத்துப்போச்சு என்று மகள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது சிநேகிதர். இப்போது பெற்ற மகளே.

“கடைத்தெரு ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் இருக்காரே, அவர்கிட்ட காட்டலாமா?” என்று கேட்டுப் பார்த்தார்.

“அவர் வேண்டாம் சார்.”

“ஏன்?”

“என் பொண்ணுகிட்ட காட்டுங்க. இல்லேன்னா குட்டி இல்லை.”

சரிதான், காரியத்தை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தார் சர்வேயர். அப்படியே கிளம்பியிருப்பார். ஆனால் மார்பில் வெள்ளை போட்ட அந்தப் பழுப்புக் குட்டி அவர் செருப்பின் மேல் உட்கார்ந்து பேன்ட் நுனியை மென்றுகொண்டிருந்தது. ஆகட்டும், நாடகத்தையும் பார்த்துவிடுவோம்.

கார் போகிற வழியெல்லாம் மேஜர் மகளின் புராணம். படிப்பில் வாங்கிய பதக்கம், மாட்டிடம் வாங்கிய உதை, இரண்டையும் ஒரே பெருமையோடு சொன்னார். மடியில் தூங்கிய குட்டியைத் தடவியபடி, கூடப் பிறந்ததில் இவன்தான் ராஜா, கொடுக்கவே மனசு வரவில்லை என்றார். சர்வேயர் ‘ம்’ கொட்டினார். விலையை ஏற்றப் பார்க்கிறார் என்று பட்டது.

இரண்டே அறை உள்ள கிளினிக். ஃபினாயில் வாசனை. மேசைக்குப் பின்னால் நின்ற டாக்டர் ‘அப்பா’ என்று சொல்லவில்லை.

“குட்டியை விக்கிறவர் வெளியில உட்காரலாம்.”

மேஜர் மறுபேச்சில்லாமல் வெளியே போய் உட்கார்ந்தார். நடிப்பும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் சர்வேயர்.

டாக்டர் பல்லைப் பார்த்தாள். குட்டியின் முதுகுக்குப் பின்னால் கைதட்டிக் காதைச் சோதித்தாள். பின்னங்கால்களை மடக்கி நீட்டினாள். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை இடது பக்க விலாவில் வைத்தாள். எடுக்கவில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.

மேஜரை உள்ளே கூப்பிட்டாள்.

“துடிப்புக்கு நடுவுல ‘உஸ்’னு ஒரு சத்தம் வருது. சில குட்டிங்களுக்கு வளர வளரத் தானா போயிடும். ஆனா பாக்ஸர்ல அப்படி நம்பி விட முடியாது. ஸ்கேன் எடுத்துத் தெரியறவரைக்கும் வாங்காதீங்க சார்.”

அதே குரலில் மேஜர் பக்கம் திரும்பினாள். “தாய்க்கும் மறுபடி ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் அதுக்கு அடுத்த குட்டி கிடையாது.”

“போன தடவை எடுத்தப்போ நல்லா இருந்துச்சேம்மா.”

“இப்ப எடுக்கணும்.”

மேஜர் மீசையைத் தொட்டார். முறுக்கவில்லை. குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

“சரிங்க டாக்டர்.”

வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றார்கள். இன்னொரு நாள் தன் மகளை இங்கே கூட்டிவர வேண்டும் என்று சர்வேயருக்குத் தோன்றியது. பந்து எறிந்ததால் சாகவில்லை என்று இந்த டாக்டர் சொன்னால் அவள் நம்புவாள்.

“குட்டியை என்ன பண்ணுவீங்க?”

“ராஜா எங்கே போவான்? எங்ககூடவே இருப்பான்.”

சர்வேயர் தயங்கினார். “பெரிய டாக்டர்கிட்டயே காட்டியிருக்கலாமே மேஜர். வித்துப்போயிருக்குமே.”

“அதான் வேண்டாம்னேன் சார். அவரும் நானும் சின்ன வயசுல இருந்து பழக்கம். இந்த ஊர் டாக்டர்ங்க எல்லாருமே எனக்கு வேண்டியவங்க.”

மேஜரின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. கிளினிக் கதவைப் பார்த்தபடி மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

“எனக்காக ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லாத டாக்டர் அவ ஒருத்திதான்.”