தோற்று வந்த வக்கீல்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கோர்ட்டு இருந்ததாம். அதற்கு எதிரே ஓர் இஸ்திரிக் கடை. நீதிபதியின் கோட்டு முதல் குமாஸ்தாவின் சட்டை வரை அங்கேதான் மடிப்பு வாங்கும்.

ஒரே ஒரு கவுனை மட்டும் கடைக்காரர் தொடுவதில்லை. அது அவர் பெற்ற மகளுடையது.

அவள் வக்கீலான அன்று அதைத் தேய்த்துத் தோளில் போட்டு அழகு பார்த்தவர்தான். இப்போது அவள் கசங்கிய கவுனோடு கோர்ட்டுக்குப் போகிறாள்.

காரணம் ஊருக்கே தெரியும். ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்து, குற்றுயிராகப் போட்டுவிட்டு ஓடியவன் ஒருவன். அவனுக்காக வாதாட ஒரு வக்கீலும் வரவில்லை. இவள் வந்தாள்.

ஏன் என்று அப்பா ஒருமுறைதான் கேட்டார்.

"அதைச் சொல்ற உரிமை எனக்கில்லப்பா" என்றாள்.

அன்றோடு அவர் பேச்சை நிறுத்தினார். பக்கத்துப் பழக்கடைக்காரர் நிறுத்தவில்லை. உன் வீட்டில் எப்படிச் சோறு இறங்குகிறது என்று தினம் ஒரு குத்து குத்தாமல் அவருக்குக் கடை திறந்த மாதிரியே இருக்காது.

இன்று தீர்ப்பு. செய்தியை முதலில் கொண்டு வந்ததும் அவர்தான்.

"ஆயுள் தண்டனை. சாகிற வரைக்கும் உள்ளேதான். உன் பொண்ணு மண்ணைக் கவ்விட்டா, மாப்ள."

அப்பாவுக்கு நிம்மதி ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். ஒரு சட்டையின் காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

பழக்கடைக்கு ஆள் வர, பழக்கடைக்காரர் அங்கே போனார். அதற்காகவே காத்திருந்தது போல் ஓர் அம்மாள் வந்தாள். முகத்தைப் பாதி மறைத்திருந்தாள். கையில் ஒரு கருப்புக் கவுன். அதில் இரண்டாவது பொத்தான் அவர் தைத்துக் கொடுத்தது; மகளின் கவுனேதான்.

"அண்ணே, இதைத் தேய்ச்சுக் கொடுங்க."

"அதை இந்தக் கடையில தேய்க்கிறதில்லம்மா."

"தெரியும். தீர்ப்பு முடிஞ்சு வராந்தாவுல என் பொண்ணு நடுங்கிட்டே உட்கார்ந்திருந்தா. உங்க பொண்ணுதான் இதைக் கழட்டிப் போர்த்திவிட்டாங்க."

அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. எந்தப் பெண் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இது இரண்டாவது விசாரணை என்று ஊருக்குத் தெரியும்; ஏன் என்று தெரியாது. முதல் விசாரணையில் அவனுக்கு வக்கீலே இல்லை. ஊரெல்லாம் கைதட்டியது. தண்டனையும் கிடைத்தது. வக்கீல் இல்லாமல் நடந்த வழக்கு செல்லாது என்று மேல்கோர்ட்டு அதைக் கலைத்துவிட்டது. நடந்ததை எல்லாம் அந்தப் பெண் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வந்தது.

"மூணாவது தடவை சொல்ல அவளுக்குத் தெம்பில்லண்ணே. அவனுக்கு ஒழுங்கா வாதாட ஆள் இருந்தாத்தான் தண்டனை நிக்கும்னாங்க. யாரும் வரலை."

"அதனால என் பொண்ணு..."

"அவங்களா வரலை. நான்தான் அவங்க வாசல்ல போய் நின்னு கெஞ்சினேன். கோர்ட்டுல கேட்க வேண்டியதை ஒண்ணு விடாமக் கேட்டாங்க. ஆனா என் பொண்ணு தலைகுனியற மாதிரி ஒரு கேள்வி கேட்கலை. எங்க பேரு வெளிய வரக்கூடாதுன்னு பெத்தவர்கிட்டகூட வாயைத் திறக்கலை பாருங்க."

அவர் கவுனை வாங்கி விரித்தார். கண்ணிலிருந்து விழுந்த நீரையே தெளிக்கும் நீராக்கி, ஒரு சுருக்கம் மிச்சமில்லாமல் தேய்த்து முடித்தபோது, அந்த அம்மாள் போயிருந்தாள்.

மகள் கோர்ட்டுப் படியிறங்கி வந்தாள். தன் கவுன் அப்பாவின் கையில் மடிப்புக் கலையாமல் தொங்குவதைப் பார்த்து நின்றுவிட்டாள். அவர் அதை அவள் தோளில் போட்டு, காலரை நேராக்கினார்.

பழக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "தோத்துட்டு வந்தவளுக்கு இஸ்திரி வேறயா?"

உண்மை தொண்டை வரை வந்தது. அப்பா அதை விழுங்கிக்கொண்டார். இனி அது அவருடைய ரகசியமும்தான்.

"ஆமா, தோத்துட்டா" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "என் பொண்ணு தோத்துட்டா."

அப்படி ஒரு பெருமை அந்தக் குரலில். பழக்கடைக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மகளின் கனத்த பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அவள் கூடவே நடந்து போனார்.